சாங்கானேர் திறந்தவெளிச் சிறை: சுவர் இல்லாத இடத்தில் எதை ஆய்வு செய்வது?

முதலில் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துவிடுகிறேன்.

இங்கிலாந்தில் மேற்கு சசெக்ஸ் பகுதியில் ஃபோர்டு என்றொரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது, அதாவது மதிலையும் பூட்டையும் நம்பாமல் கைதிகளை நம்பி நடத்தும் சிறை. கடற்படையின் விமானத்தளமாக இருந்த இடம், 1960இல் சிறையானது. 2010 டிசம்பர் 31 இரவு அங்கே ஏறக்குறைய 500 கைதிகள் இருந்தார்கள். பணியில் இருந்தவர்கள் இரண்டு சிறை அலுவலர்களும் நான்கு உதவிப் பணியாளர்களும்தான். சில கைதிகள் குடித்திருப்பதாகச் சந்தேகம் வந்து கருவியில் ஊதச் சொன்னபோது தகராறு தொடங்கியது. முகத்தை மூடிக்கொண்டு நாற்பது பேர் போலக் கிளம்பினார்கள். கண்ணாடிகள் நொறுங்கின, கட்டடங்களில் தீ பிடித்தது. வெளியிலிருந்து கலவரத் தடுப்புப் பயிற்சி பெற்ற படைகள் வந்துதான் சிறையை மீட்டன.

இரண்டாவது கணக்கு ராஜஸ்தானில். ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் உள்ள திறந்தவெளி முகாமில் சுமார் 400 கைதிகள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். ராஜஸ்தான் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்துக்காக ஸ்மிதா சக்ரவர்த்தி ஆய்வு செய்து 2017இல் கொடுத்த அறிக்கை, மூடிய சிறையில் 6 கைதிகளுக்கு ஓர் ஊழியர் தேவை, திறந்தவெளிச் சிறையில் 80 பேருக்கு ஒருவர் போதும் என்கிறது.

ஃபோர்டின் அந்த இரவு 500ஐ 6ஆல் வகுத்தால் 83 வருகிறது. கிட்டத்தட்ட அதே விகிதம். அங்கே தீ எரிந்தது. இங்கே அறுபது ஆண்டுகளாகக் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பி வருகிறார்கள்.

சிறை ஆய்வு என்றாலே கையில் ஒரு படிவம் இருக்கும். எத்தனை கழிப்பறை, ஒருவருக்கு எத்தனை சதுர அடி, சாம்பாரில் பருப்பு இருக்கிறதா, ஊழியர் பணியிடத்தில் எத்தனை காலி. மூடிய சிறைக்கு இவை சரியான கேள்விகள்தான், இன்னும் கறாராகக் கேட்க வேண்டியவையும்கூட. அதே படிவத்தோடு சாங்கானேருக்குப் போனால் பாதிப் பத்தி காலியாக இருக்கும், மீதிப் பாதி தப்பாக நிரம்பும். சாப்பாட்டின் தரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? அங்கே சிறை சாப்பாடே போடுவதில்லை.

முகாம் ஓடும் விதம்

முகாமுக்கு சம்பூர்ணானந்தின் பெயர். சுதந்திரப் போராட்டத்தில் தானும் சிறைக்குப் போய்வந்தவர். உத்தரப் பிரதேச முதல்வராகவும் பிறகு ராஜஸ்தான் ஆளுநராகவும் இருந்தார். 1950களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தில் சந்திரபிரபா ஆற்றில் அணை கட்டும் வேலைக்குக் கைதிகளைக் கூடாரத்தில் தங்கவைத்து அழைத்துப்போன சோதனையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இவருடையது. அவர் ராஜஸ்தானில் ஆளுநராக இருந்தபோது, 1963இல், சாங்கானேர் முகாம் வந்தது. அதற்கான விதிகள் 1972இல் எழுதப்பட்டன.

விதியின் சாரம் இதுதான். தண்டனைக் குறைப்பையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு தண்டனையை மூடிய சிறையில் கழித்திருக்க வேண்டும். நடத்தை நன்றாக இருக்க வேண்டும். தேர்வுக் குழு பெயரை எடுக்க வேண்டும். அப்படி வந்துவிட்டால் மனைவி அல்லது கணவன், பிள்ளைகளோடு முகாமில் குடியிருக்கலாம். வெளியே போய் வேலை தேடிக்கொள்ளலாம், சம்பாதிக்கலாம், அதில் குடும்பத்தை ஓட்டிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் பெயர் கூப்பிடும்போது ஆஜராக வேண்டும். முகாமின் அன்றாட ஒழுங்கில் கைதிகளின் பஞ்சாயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பெயர் 'பந்தி பஞ்சாயத்'. 'பந்தி' என்றால் இந்தியில் கைதி. நம் ஊர்ப் பந்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இங்கே இலை போடுவது அவரவர் பொறுப்பு.

சாங்கானேர் என்றால் அச்சுத் துணிக்கும் கையால் செய்யும் காகிதத்துக்கும் பேர் போன ஊர். விமான நிலையமும் அந்தப் பக்கம்தான். கட்டட வேலை, காவலாளி வேலை, பட்டறை, சிறு தொழிற்சாலை என்று கூலிக்கு ஆள் தேவைப்படும் இடம். கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிப்பவர் இரவெல்லாம் ஒரு கட்டடத்துக்குக் காவல் நிற்பதைப் பற்றிக் கேள்விப்படும்போது முதலில் சிரிப்பு வரும். யோசித்தால் வேலை கொடுத்தவரின் கணக்கு சரி. தினமும் நேரத்துக்கு ஆஜர் கொடுக்க வேண்டியவர், விலாசம் அரசாங்கத்திடம் இருக்கிறது, ஒரு புகார் போனால் எல்லாம் போச்சு என்று தெரிந்தவர். வேறு யாரிடம் இத்தனை உத்தரவாதம் கிடைக்கும்?

ஃபோர்டுக்கும் சாங்கானேருக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஃபோர்டில் இரவு என்பது வரிசைக் கட்டடங்களில் ஆண்கள் மட்டும் தண்டனை முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரம். அங்கே பணியில் ஆறு பேர் என்றால் கைதிகளைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஆறு பேர் மட்டும்தான். சாங்கானேரில் இரவு என்பது மகளுக்கு வீட்டுப்பாடம், நாளைக்கு எந்த இடத்தில் வேலை, அரிசி தீர்ந்துவிட்டது என்ற பேச்சு. 400 பேரையும் பிடித்து வைத்திருப்பவை இவைதான். ஊழியர் பட்டியலில் இவற்றுக்குப் பத்தி கிடையாது. ஊழியர் விகிதத்தை மட்டும் பார்த்து 'இது போதும்' என்றோ 'இது ஆபத்து' என்றோ எழுதும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

ஆய்வை மத்திய சிறையில் தொடங்குங்கள்

திறந்தவெளிச் சிறையில் இருப்பவர்களைப் பார்த்தால் யார் வந்திருக்கிறார்கள் என்பது தெரியும். வராதவர்கள் யார் என்பது அங்கே தெரியாது. அதற்கு மத்திய சிறைக்குப் போய், மூன்றில் ஒரு பங்கைக் கடந்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, தேர்வுக் குழுவுக்குப் போன பட்டியலோடு பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழுந்துபோன பெயர்கள்தான் நிர்வாகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லும். ஒருவருக்கு நடத்தைச் சான்று வரவில்லை. ஒருவரின் காவல் நிலைய அறிக்கை எட்டு மாதமாக எங்கோ கிடக்கிறது. ஒருவருக்கு இப்படி ஒரு முகாம் இருப்பதே தெரியாது. ஒருவரை அனுப்பிவிட்டால் சிறைச் சமையலறைக்கு நல்ல ஆள் போய்விடுவார் என்பதற்காகவே பெயர் எழுதப்படவில்லை. கடைசிக் காரணத்தை யாரும் கோப்பில் எழுதமாட்டார்கள், அதனால் அந்தக் கைதியிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தியச் சிறைகளில் 2022 கணக்குப்படி 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். அதே ஆண்டு நாட்டில் இருந்த திறந்தவெளிச் சிறைகள் 91. மத்திய சிறையில் படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்கும்போது ஒரு திறந்தவெளி முகாமில் காலியிடம் இருந்தால், அது முகாமின் குறை அல்ல. தேர்வுக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள், அந்தத் தேதியே போதும்.

பெண்கள் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாங்கானேரில் பெண் கைதிகளும் இருக்கிறார்கள். பல மாநிலங்களின் விதிகளில் திறந்தவெளிச் சிறை என்றாலே ஆண்களுக்கு மட்டும் என்றுதான் இருந்துவருகிறது. தப்பித்துவிடுவார்கள் என்ற பயமா, பாதுகாப்பு என்ற பெயரில் சோம்பலா என்றால், நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன்.

வருகைப் பதிவேடு

முகாமில் பார்க்க வேண்டிய ஒரே புத்தகம் எது என்று கேட்டால் வருகைப் பதிவேடு என்பேன். சுவர் இல்லாத சிறையில் அதுதான் சுவர்.

மேசையில் விரித்துவைத்து ஒரு மாதத்துப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். பெயர்கள் இடப்பக்கம், தேதிகள் மேலே, கட்டத்துக்குக் கட்டம் ஒரு டிக். தினமும் போட்ட பக்கம் அழகாக இருக்காது. ஒருநாள் நீல மை, ஒருநாள் கறுப்பு. மழை நாளில் தாள் கொஞ்சம் உப்பியிருக்கும். ஒருவர் பெயருக்கு நேராக 'தாமதம், பஸ் இல்லை' என்று யாரோ நுணுக்கி எழுதியிருப்பார். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால், ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்த இரவு யாரோ உட்கார்ந்து போட்டது. தாமதம் என்ற குறிப்பே இல்லாத பதிவேட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 400 பேர் வெளியே போய் வரும் இடத்தில் ஒரு மாதம் முழுக்க ஒருவருக்கும் பேருந்து தவறவில்லையா?

அப்புறம், டிக் போடுவது யார் என்று பாருங்கள். பஞ்சாயத்து முறையின் பெருமை, கைதியே கைதிக்குப் பொறுப்பு என்பது. அதன் ஆபத்தும் அதுவே. தாமதமாக வந்தவரை 'வந்தார்' என்று எழுதவும், நேரத்துக்கு வந்தவரைக் காக்கவைக்கவும் பேனா பிடித்தவரால் முடியும். பஞ்சாயத்து ஆட்கள் எப்படி வருகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறார்கள், அவர்கள்மேல் புகார் என்றால் யாரிடம் போவது என்பவை அலுவலகத்தில் கேட்கும் கேள்விகள் அல்ல. குழாயடியில் கேட்க வேண்டியவை.

'ஒரு குறையும் இல்லைங்க'

ஆய்வுக்குப் போகிறவர்கள் ஏமாறும் இடம் இது. கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்க, வரிசையாக நிற்பவர்களிடம் 'ஏதாவது குறை இருக்கிறதா?' என்று கேட்பார்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அறிக்கையில் 'சிறைவாசிகள் எவ்வித குறையும் தெரிவிக்கவில்லை' என்று ஒரு வரி சேரும்.

மூடிய சிறையில் புகார் சொல்பவருக்கு இழக்க அதிகம் இல்லை. திறந்தவெளிச் சிறையில் இருப்பவர் ஒரு புகாரில் வீட்டையும் வேலையையும் மனைவி மக்களோடு இருக்கும் வாழ்க்கையையும் பணயம் வைக்கிறார். நடத்தை சரியில்லை என்று ஒரு தாள் எழுதினால் போதும், மறுநாள் பழைய சிறைக்கே திருப்பிவிடலாம். அந்தப் பயம் எந்த மதிலையும்விட உயரம். ஆகவே சாங்கானேர் போன்ற இடத்தில் மௌனத்தைத் திருப்தி என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, மண்டேலா விதிகள் எனப்படும் சிறை விதிகளில் 84ஆம் விதி இதற்காகவே எழுதியது போல இருக்கும். ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் போகலாம், யாரிடம் பேசுவது என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம், கைதியோடும் ஊழியரோடும் தனியாக, ரகசியமாகப் பேசலாம். 83ஆம் விதி, சிறைத்துறையின் சொந்த ஆய்வு போதாது, துறைக்கு வெளியே உள்ள சுதந்திரமான அமைப்பும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. நம்மிடம் மாவட்ட நீதிபதி தலைமையில் பார்வையாளர் குழு உண்டு, அலுவல்சாராப் பார்வையாளர்களும் உண்டு. அவர்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு வருவது எத்தனை முறை? பகல் பதினோரு மணிக்கு சாங்கானேர் போன்ற முகாமுக்குப் போனால் ஆட்களே இருக்கமாட்டார்கள், எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். காலி வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் டீ குடித்துவிட்டு வரலாம்.

திருப்பி அனுப்பிய கோப்புகளையும் எடுத்துப் படிக்க வேண்டும். கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை பேர், என்ன காரணம், அவரிடம் விளக்கம் கேட்டார்களா, மேல்முறையீட்டுக்கு வழி இருந்ததா. 'குடித்துவிட்டுத் தகராறு' என்பது ஒரு காரணம். 'நிர்வாகத்துக்கு ஒத்துழைக்கவில்லை' என்பது வேறு வகை. இரண்டாவது வகை அதிகமாகத் தெரிந்தால் அந்த முகாமில் குழாயடிப் பேச்சு ஏன் கிடைக்கவில்லை என்பது புரிந்துவிடும்.

ஐந்நூறு ரூபாய்

அதே 2017 அறிக்கையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. ஜெய்ப்பூர் மத்திய சிறையில் ஒரு கைதிக்கு மாதம் 7,094 ரூபாய் செலவு. சாங்கானேரில் 500 ரூபாய். பதினான்கில் ஒரு பங்கு. திறந்தவெளிச் சிறைகளை அதிகமாக்க வேண்டும் என்று சொல்பவர்கள், நானும் அந்தக் கட்சிதான், இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். நிதித்துறைக்குப் புரியும் மொழி அது.

ஆனால் ஆய்வாளர் இந்த எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது. மீதி 6,594 ரூபாய் மாயமாகிவிடவில்லை. சாப்பாடு, துணி, வீட்டைக் கட்டி நிறுத்தும் செலவு எல்லாம் கைதியின் கூலியிலிருந்து போகின்றன. அதில் தவறில்லை, வெளியே எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம். கூலி வரும்வரை சரி. கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்தவருக்கு யார் சோறு போடுவது? அறுபது வயது தாண்டியவர் என்ன செய்வார்? வேலை கொடுத்தவர் கூலியைப் பிடித்துக்கொண்டால், 'கைதி தானே' என்று பாதி கொடுத்தால், தட்டிக் கேட்பது யார்? அரசின் காவலில் இருக்கும் ஒருவரின் உயிருக்கும் உடம்புக்கும் அரசு பொறுப்பு என்பது அவர் தன் காசில் அரிசி வாங்குவதால் மாறிவிடாது. ஆய்வுப் படிவத்தில் சாப்பாட்டின் தரம் என்ற இடத்தை அடித்துவிட்டு, 'கடந்த ஆண்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர், என்ன சாப்பிட்டார்கள்' என்று எழுத வேண்டும்.

குடும்பங்களைப் பற்றியும் ஒரு கேள்வி சேர வேண்டும். அங்கே இருக்கும் பெண்களிலும் குழந்தைகளிலும் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள், எந்தச் சிறைப் பதிவேட்டிலும் எண் இல்லாதவர்கள். வீட்டுக்குள் அடி விழுந்தால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? புகார் கொடுத்தால் கணவன் பழைய சிறைக்குப் போவான், அவளும் பிள்ளைகளும் தெருவுக்கு வருவார்கள். இதைப் பேச ஒரு பெண் ஆய்வாளர் இல்லாமல் போகும் குழு பாதி வேலைதான் செய்யும்.

நிலம்

2024இல் சாங்கானேர் செய்திக்கு வந்தது ஒரு நிலத் தகராறால். நாடு முழுக்கத் திறந்தவெளிச் சிறைகளின் பரப்பை எங்கும் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மே மாதம் சொன்னது. ஜூலையில் ஜெய்ப்பூர் வளர்ச்சி ஆணையம் முகாம் நிலத்தில் 21,948 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ 5.4 ஏக்கரை, மருத்துவமனை கட்ட ஒதுக்கியது. நீதிமன்ற அவமதிப்பு மனு போனது. நவம்பரில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, இப்போதிருக்கும் நிலையே தொடரட்டும் என்று உத்தரவிட்டு, உயர் நீதிமன்றத்தின் ஜெய்ப்பூர் அமர்விலிருந்து பதிவாளர் ஒருவரை ஆணையராக நியமித்து, நேரில் போய்ப் பார்த்து நான்கு வாரத்தில் அறிக்கை தரச் சொன்னது. மருத்துவமனையும் ஊருக்கு வேண்டும், முகாமும் வேண்டும், இரண்டுக்கும் நடுவே சமநிலை காண வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

ஆய்வு என்ற சொல்லுக்கு இந்த வழக்கு ஒரு புது அர்த்தம் கொடுக்கிறது. இப்படி அனுப்பப்படும் ஆணையர் எதை அளப்பார்? டேப் பிடித்தால் சதுர மீட்டர் கிடைக்கும். எத்தனை வீடு இருக்கிறது, எத்தனை வீட்டுக்கு இடமிருக்கிறது என்பதை எண்ணலாம். 'இவ்வளவு பேருக்கு இவ்வளவு இடம் போதும்' என்று வகுத்துக் காட்டலாம். வேறு இடத்தில் இதைவிடப் பெரிய நிலம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கணக்கில் அது லாபமாகக்கூடத் தெரியும்.

ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில் இருபது ஏக்கர் கொடுத்துப் பாருங்கள். முதல் மாதம் வேலை போகும், ஏனென்றால் மாலை ஆஜருக்குள் திரும்ப முடியாது. பேருந்துச் செலவு கூலியில் கால்வாசியைத் தின்னும். மனைவி செய்துவந்த வீட்டு வேலை போகும். பிள்ளைகளுக்குப் பள்ளி மாறும். கொஞ்ச நாளில் குடும்பம் சொந்த ஊருக்குப் போய்விடும், கைதி தனியாக நிற்பார். பெயர்ப்பலகையில் திறந்தவெளிச் சிறை என்றே இருக்கும், ஆனால் 80 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் அதன்பின் ஃபோர்டின் விகிதமாகிவிடும். அதனால்தான் சாங்கானேரில் நிலமும் நிர்வாகத்தின் ஓர் உறுப்பு என்கிறேன். ஆணையர் அளக்க வேண்டியது முகாம் வாசலிலிருந்து கூலி கிடைக்கும் இடத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை. காலை ஆஜர் முடிந்ததும் கிளம்பும் ஒருவரோடு கூடவே போய், மாலை திரும்பும்வரை கடிகாரத்தைப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

இந்த முகாமின் நிர்வாகத்துக்கு இன்னொரு வினோதத் தலைவலியும் உண்டு. தண்டனை முடிந்தும் வீட்டைக் காலி செய்ய மனமில்லாதவர்கள். விடுதலை உத்தரவு வரும்போது பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு, பட்டறையில் வேலை நிரந்தரமாகும் நேரம், சொந்த ஊரில் பழைய பகை அப்படியே இருக்கும். போங்கள் என்று அரசு சொல்லியும் போகாமல், வெளியேற்ற வேண்டிவந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. தப்பியோடியவர்களுக்குப் படிவத்தில் ஒரு பத்தி இருக்கிறது. விடுதலை பெற்றும் போகாதவர்களுக்கு அதில் இடம் விடவில்லை. நான் போனால் அதைப் பேனாவால் கீழே எழுதிச் சேர்ப்பேன்.